பாட்டு வந்தா நிப்பாட்டு

பூதப்பாண்டியிலிருந்து தெரிசனங்கோப்பு போகிற ரோட்டில், வாய்க்கால் பாலம் தாண்டியதும் இடது பக்கம் ஒரு மாவு மில். போர்டு கிடையாது. பாலத்தில் ஏறும்போதே மூக்கு சொல்லிவிடும், இன்றைக்கு மல்லியா மிளகாய் வத்தலா என்று. அதை நடத்துகிற லீலாபாய் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. காலை எட்டு மணிக்கு மோட்டாரைப் போட்டால் மத்தியானம் வரை சத்தத்துக்குள்ளேயே குடியிருப்பார். அதனால் அவர் சாதாரணமாகச் சுகம் விசாரித்தாலே ரோட்டில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு வருஷமாக மில்லில் ஒரு ஏற்பாடு நடக்கிறது. பழைய ஆடியோ கேசட் ஒன்று கொண்டுவந்தால் ஒரு கிலோ சும்மா அரைத்துத் தருவார். ரேடியோவிலிருந்து வீட்டில் பதிவு செய்து பிடித்த கேசட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட் என்றால் அரைக் கிலோ. ஆள் சோர்ந்துபோகக் கூடாது என்பதற்காக அது. பரணிலும் கட்டிலடியிலும் கிடந்த கேசட்டுகள் புட்டு மாவாகவும் சாம்பார்ப் பொடியாகவும் மாறி வீடு திரும்பின. எங்கள் வீட்டிலிருந்தே ஏழு போயிருக்கிறது. அதில் இரண்டு, எங்கள் அம்மா பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியவை.

பழைய ரேடியோ ஒலிகளைப் பாதுகாக்கிறார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு கல்லூரியிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டு, பெரிய சேவை என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அக்காவும் மறுக்கவில்லை. ஆனால் அவர் தேடுவது மூன்றரை நிமிஷம். மீதியெல்லாம் அந்த மூன்றரை நிமிஷத்தைத் தேடும்போது தானாகப் பாதுகாக்கப்பட்டது.

கதை 1989-இல் இருக்கிறது. அப்போது லீலாபாய்க்குப் பத்தொன்பது வயது. அப்பா ஞானாபரணம் எங்கள் சர்ச் சபையில் ஆராதனை நடத்துகிற உபதேசியார். பஹ்ரைனில் இருந்த சித்தப்பா கொண்டுவந்த டூ-இன்-ஒன் ஒன்று வீட்டில் இருந்தது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. பிரசங்கம் பிடிக்கத்தானே என்று உபதேசியார் அதை உள்ளே விட்டார். ரேடியோவில் செய்தி கேட்கலாம், நாடகம் கேட்கலாம், பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்கலாம். சினிமாப் பாட்டு மட்டும் அந்த ஓட்டுக்குக் கீழே கேட்கக் கூடாது.

லீலாபாய்க்கோ ரேடியோவில் பேசுகிறவர்கள் மேல் ஒரு பித்து. அந்தக் குரல்கள் 'வணக்கம்' சொல்கிற விதத்தையே நான்கு தரம் போட்டுக் கேட்பார். நேயர்கள் விரும்பிக் கேட்ட பாடல்கள் வருகிற நேரத்தில் ரிக்கார்டரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். இன்னார், இன்னார், இன்ன ஊர் என்று பெயர்கள் வாசிப்பார்கள். அதைப் பிடிப்பார். பாட்டு தொடங்குகிற அந்த நூலிழை நேரத்தில் பதிவை நிறுத்திவைக்கிற பாஸ் பொத்தானை அமுக்கி, சத்தத்தை நன்றாகக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக்கொண்டு பாட்டு முடியக் காத்திருப்பார். வீட்டில் யாருக்கும் பாட்டு கேட்காது. அவருக்கு மட்டும் எல்லாப் பாட்டும் கேட்கும். அது வேறு விஷயம்.

உலகமெல்லாம் பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டைப் பிடித்த காலத்தில், இவர் பாட்டை வெட்டிவிட்டுப் பேச்சைப் பிடித்தார். அப்படி நாற்பத்தாறு கேசட். தான் வீட்டில் இல்லாத நேரத்துக்கு ஆள் வேண்டுமே என்று தம்பி ஜான்ரோஸுக்கும் பயிற்சி கொடுத்தார். பன்னிரண்டு வயது. சட்டம் ஒரே வரி: பாட்டு வந்தா நிப்பாட்டு. பையன் கெட்டிக்காரன். ஒரு மாதத்தில் அக்காவைவிடச் சுத்தமாக வெட்டினான். முதல் ஸ்வரம்கூட உள்ளே விழாது.

அந்த வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைக்கு, சபைப் பாடகர் குழுவின் கொயர் மாஸ்டர் வேதமணி ஒரு கீர்த்தனை எழுதினார். 'பொன்னாய்க் கதிர் விளைந்த காலை' என்று தொடங்கும். சபையில் அதைத் தனியாகப் பாடியது லீலாபாய். யாரோ சொல்லி, ரேடியோவில் இளைஞர் நிகழ்ச்சிக்குப் பாட அழைப்பு வந்தது. வேதமணி ஆர்மோனியப் பெட்டியைத் துணியில் கட்டித் தூக்க, இருவரும் நாகர்கோவில் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். அந்த அறையின் குளிரும், எரிந்த சிவப்பு விளக்கும்தான் லீலாபாய்க்கு நினைவிருக்கிறது. பாடியது நினைவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எப்படி இருந்தது என்று மாஸ்டரிடம் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் மாஸ்டர் "கொள்ளாம்" என்றார். எங்கள் பக்கத்தில் அது நன்றாயிருக்கிறது என்றும் ஆகும், பரவாயில்லை என்றும் ஆகும். அதற்கு மேல் ஒரு சொல் விழவில்லை.

ஒலிபரப்பான சனிக்கிழமை, லீலாபாய் திருவனந்தபுரத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஒரு தேர்வு எழுதிவிட்டு, மார்த்தாண்டத்தில் நெரிசலில் நின்ற பஸ்ஸுக்குள் இருந்தார். ரிக்கார்டர் பொறுப்பு ஜான்ரோஸுக்கு. புதுக் கேசட் போட்டு, தேதி எழுதி, எல்லாம் தயாராக வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேட்டார். அதனால் மகனின் கட்டைவிரலை அவர் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் லீலாபாய் கேசட்டைப் போட்டார்.

"அடுத்து, அறுவடைப் பாடல் ஒன்றைப் பாடுகிறார் லீலாபாய்."

டக்.

"இதுவரை பாடியவர் லீலாபாய்."

நடுவில் ஒரு ஈ பறக்கிற இடம்கூட இல்லை. ஜான்ரோஸ் பக்கத்தில் நின்று, பாராட்டுக்குக் காத்திருந்தான்.

முப்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் எந்த வாக்குவாதமும் கடைசியில் இந்த 'டக்'கில் வந்து முடியும். ஜான்ரோஸ் ஷார்ஜாவில் இருபது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அங்கிருந்து போன் பேசும்போது லைன் கட்டானால்கூட அக்கா அடுத்த அழைப்பில், "நீ நிப்பாட்டினியா?" என்றுதான் தொடங்குவார். தம்பியின் வாதம் ஒன்றே ஒன்று. சட்டம் போட்டது யார்?

இதெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கையாக இல்லாதது ஒன்று உண்டு. அதற்குப் பிறகு ரேடியோவிலிருந்து லீலாபாயைப் பாடக் கூப்பிடவில்லை. இரண்டு வருஷம் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்றார். பாட்டைக் கேட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, உடனே வேறு பேச்சுக்குப் போனார்கள். பிறகு கல்யாணம். கணவர் ரத்தினத்துக்கு லோடு ஆட்டோ, இவருக்கு மாமனார் விட்டுப்போன மில். கொயரில் நடு வரிசைக்கும், அங்கிருந்து கடைசி வரிசைக்கும் நகர்ந்து, பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறவர்களில் ஒருவரானார். அன்றைக்கு நான் எப்படித்தான் பாடினேன் என்ற கேள்வி மட்டும் நகரவில்லை. மாஸ்டர் வேதமணி அதற்குப் பதில் சொல்லாமலேயே காலமாகிவிட்டார்.

மாவட்டத்தில் யாராவது ஒருவர் அன்று சாயங்காலம் பொத்தானை அமுக்காமல் இருந்திருக்க வேண்டும். அந்த ஒருவரைப் பிடிக்கத்தான் ஒரு கிலோ அரைப்பு.

ஜான்ரோஸ் ஊருக்குத் திரும்பி, மில்லுக்கு அடுத்த அறையில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை போட்டார். கேசட் வேலை முழுக்க அவர் தலையில். அதைப் பரிகாரம் என்று அவர் மனைவி ஷைஜா சொல்வார். வருகிற கேசட்டில் பாதி மூச்சில்லாமல்தான் வரும். உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். ஜான்ரோஸ் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, கூட்டைத் திறந்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, டெக்கில் போட்டு லேப்டாப்பில் ஏற்றுவார். எந்தக் கேசட் யாருடையது என்று எழுதி வைக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. கேசட்டுக்குப் பதிலாக என்ன அரைத்தோம் என்பதுதான் அவர் நினைவில் நிற்கும். ஆகவே ஜான்ரோஸின் லேப்டாப்பில் ஃபோல்டர் பெயர்கள் இப்படி இருக்கும்: 'வத்தல் பாலத்தடி', 'புட்டுமாவு டீச்சர் வீடு', 'மஞ்சள் பேசாத ஆள்'.

பாட்டுப் பிடித்தவர்கள் எல்லோரும் அறிவிப்பை வெட்டியிருந்தார்கள். எனவே எந்தக் கேசட்டிலும் பெயர் சொல்லி வராது. முழுக்கக் கேட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஆறு வரை கேட்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு கேசட். பிரஷர் குக்கர் விசில், கோழி, குழந்தை அழுகை, "ஏட்டி, அடுப்பைப் பாரு" என்று ஒரு மறைந்த தாயின் குரல், எல்லாம் பாட்டுகளின் பின்னால் இருந்தன. கேசட் தந்தவர்கள் வந்து அதைக் கேட்டுவிட்டு, பாட்டு வேண்டாம், அந்த அடுப்பு மட்டும் போனில் ஏற்றித் தாருங்கள் என்று வாங்கிப் போனார்கள்.

லீலாபாயின் நாற்பத்தாறு பேச்சுக் கேசட்டுகளுக்கும் ஆள் வந்தது. பாட்டே இல்லாமல் பெயர்களாகவே ஓடுகிற கேசட்டுகள் அவை. தொண்ணூற்றொன்றில் ஒரு பாட்டைச் சேர்ந்து விரும்பிக் கேட்டவர்களாக, இப்போது ஊரில் மதிப்பாக இருக்கிற ஒருவர் பெயரும், அடுத்த தெருப் பெண் ஒருவர் பெயரும் வருகின்றன. அந்த மதிப்பானவர் வந்து கேட்டார், சிரித்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, என் வீட்டுக்காரி இதைக் கேட்கக் கூடாது, அழித்துவிடு தங்கச்சி என்றார். அக்கா அழிக்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். என்னிடம் மட்டும் சொன்னார். நானும் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதியதைத் தவிர.

மூன்றரை நிமிஷம் மட்டும் வரவில்லை.

இந்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, கோலப்பன் மில்லுக்கு வந்தார். பூதப்பாண்டிக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் வயல் வைத்திருக்கிற மனிதர். அறுபதைத் தாண்டியவர். அவர் ஊர் மில்லில் மோட்டார் எரிந்துபோனதால் இங்கே வந்தது. வத்தல் மூட்டையை இறக்கிவிட்டு, வாசல் படியில் வேஷ்டியை மடித்து உட்கார்ந்தார். அவர் பேசுகிற ஆள் இல்லை. கேட்டால் தலையை ஆட்டுவார். ஆமா என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்த மோட்டார் நிற்கும்போது, கழுத்திலிருந்து யாரோ கையை எடுத்ததுபோல் ரோடு முழுக்கச் சத்தம் திரும்பி வரும். முதலில் காக்கா, அப்புறம் வாய்க்கால் தண்ணீர். அன்றைக்கு அவற்றோடு ஒரு முனகலும் வந்தது. கோலப்பன் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். மோட்டார் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

மில்லுக்குள் லீலாபாய் கையில் சல்லடையோடு நின்றுவிட்டார். அவர் ரேடியோவில் பாடிய பாட்டின் மெட்டு அது. சபையில் நாலைந்து வருஷம் பாடி, பிறகு எல்லோரும் மறந்துபோன கீர்த்தனை. இந்த மனிதர் எந்தக் காலத்தில் எங்கள் சபைக்கு வந்தார்? வெளியே வந்து எட்டிப் பார்த்தார். கோலப்பன் மூன்றாம் சரணத்தில் இருந்தார். 'தலை சாய்ந்ததே' என்று ஒரு இடம். கதிர் முற்றித் தலை சாய்கிறது என்பதால், மெட்டும் அங்கே படிப்படியாகக் கீழே இறங்கும். அப்படி இறங்கவேண்டும் என்பதற்காகவே வேதமணி அந்த வரியை எழுதினார் என்று சொல்வார்கள். கோலப்பன் அங்கே வந்து மேலே ஏறினார். தென்னையில் ஏறுகிறவர் மாதிரி ஒரு மூச்சுப் பிடித்து ஏறி, உச்சியில் கொஞ்சம் தடுமாறி, பிறகு சறுக்கி இறங்கினார்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அக்காவால் முடியவில்லை.

"அண்ணாச்சி, அந்த எடம் அப்பிடி இல்ல. கீழ எறங்கணும்."

கோலப்பன் திடுக்கிட்டு, திருடிக்கொண்டிருந்தவர் மாதிரி வாயை மூடினார். பிறகு யோசித்துப் பார்த்து, "எனக்குத் தெரிஞ்சது இப்பிடித்தான்" என்றார்.

"ஆரு சொல்லித்தந்தா?"

"ஒருத்தரும் இல்ல. ரேடியோவுல வந்துது. பிடிச்சு வச்சிருந்தேன்."

சல்லடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அக்கா படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேசட் எங்கே என்று கேட்டபோது குரல் வழக்கத்துக்கு மாறாகச் சன்னமாக வந்தது. அதனால் கோலப்பனுக்கு முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"வயல்ல கெட்டியிருக்கேன்."

மாசியில் அறுப்பாகிற கும்பப்பூப் போகத்து நெல் பால் பிடிக்கும்போது கிளியும் குருவியும் இறங்கும். கம்பு நட்டு, கேசட் நாடாவை உருவிக் குறுக்கே கட்டினால், வெயிலில் மின்னும், காற்றில் 'ங்' என்று ரீங்கரிக்கும். பறவை வராது. கோலப்பனின் ரிக்கார்டர் கெட்டுப்போய்ப் பதினைந்து வருஷமாகிறது. அதிலிருந்து ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு மூன்று கேசட் என்று உருவிக் கட்டி வந்திருக்கிறார். இந்தப் பாட்டு இருக்கிற கேசட்டைக் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தாராம். இந்த வருஷம் கையில் இருந்தவையே கடைசி மூன்று. அதனால் அதையும் உருவ வேண்டியதாயிற்று.

"அறுப்பு எப்போ?" என்று அக்கா கேட்டார்.

"நாளைக்குக் காலம்பற மெஷின் வரும்."

அப்போது கரண்ட் வந்தது. அரைபடாத வத்தல் புனலில் கிடக்க, லீலாபாய் மோட்டாரை அணைத்துவிட்டு, அடுத்த கடையைப் பார்த்து, "ஏலே ஜான்ரோஸே" என்று கூப்பிட்ட கூப்பிடலில் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்த தம்பி மண்டையை இடித்துக்கொண்டார்.

வயலில் அவர்கள் மூவரும் பட்ட பாடு ஒரு தனிக் கதை. மூன்று கேசட்டின் நாடா, பதினேழு துண்டுகளாகக் கட்டியிருந்தது. எந்தத் துண்டு எந்தக் கேசட் என்று கோலப்பனுக்குத் தெரியாது. குருவிக்குத் தெரிந்திருக்கலாம் என்றார் ஜான்ரோஸ். நெல்லுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதில் கோலப்பன் பிடிவாதமாக இருந்தார். நாளைக்கு அறுக்கப்போகிற நெல்தானே என்றதற்கு, இன்றைக்கு நிற்கிறதே என்றார். எனவே ஒரு வரப்பில் நின்று முடிச்சை அவிழ்த்து, எதிர் வரப்பில் நின்று மெல்ல இழுக்க வேண்டும். கதிர் மேல் நாடா பாம்புபோல் வழுக்கிக்கொண்டு வரும். ஜான்ரோஸ் காலிக் கூட்டின் சக்கரத்தைப் பென்சிலில் கோத்துச் சுற்றினார். காற்று வந்தால் சுற்றல் நின்றுவிடும். அக்கா தன் குடையை விரித்துக் காற்றை மறைத்தார். முடிச்சு இருந்த இடமெல்லாம் நாடா கசங்கி, அரை முழம் கால் முழம் வீணாகிப் போயிருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைசித் துண்டையும் சுற்றியானது. நாடா இல்லாத வயலைக் கோலப்பன் திரும்பிப் பார்த்தார். இரவு கிளி வராது, காலையில் மெஷின் வருவதற்குள் ஒன்றிரண்டு வந்து தின்றுவிட்டுப் போகட்டும் என்றார். அவர் அன்று பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

மறுநாள் ஞாயிறு. ஜான்ரோஸ் ஆராதனைக்கு வரவில்லை. துண்டுகளை வரிசைப்படுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுவதற்கென்று உள்ள பட்டையான வெள்ளை டேப் அவரிடம் இருந்தது. மூன்று மணிக்கு எல்லோரும் ஏசிக் கடையில் கூடினார்கள். ரத்தினம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஷைஜா டீ கொண்டுவந்தார். கோலப்பன் அறுப்பை முடித்துவிட்டு, தலைமுடியிலும் மீசையிலும் வைக்கோல் தூசியோடு வந்து, உள்ளே வராமல் ஜன்னலருகில் நின்றார்.

முதல் ஐந்து துண்டுகளில் பழைய பாட்டுகள் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் வந்தன. ஆறாவது, தலைகீழாக ஒட்டப்பட்டுப் பின்னோக்கி ஓடியது. ஷார்ஜாவில் இதுதான் படித்தீர்களா என்று ஷைஜா கேட்டார். ஒன்பதாவது துண்டில், ஒரு முடிச்சின் கரகரப்பு முடிந்ததும், ஆர்மோனியத்துக்கு மேலே ஒரு பெண்குரல் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கியது.

ரத்தினம் டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

மெல்லிய குரல். பயந்துபோய், ஆனால் ஓடிப்போகாமல் நிற்கிற குரல். முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் குரலுக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம்தான் வினையாயிற்று. மூன்றாவதில் 'தலை சாய்ந்ததே' வந்தபோது, இறங்க வேண்டிய இடத்தில், அந்தப் பெண் ஏறினாள். கோலப்பன் ஏறிய அதே ஏற்றம். உச்சியில் குரல் ஒரு கணம் இரண்டாகப் பிளந்தது. ஆர்மோனியம் நின்றே விட்டது. மாஸ்டர் வேதமணி கையைத் தூக்கிவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவசரமாக ஓடி வந்து சேர்ந்துகொண்டது. அவள் எதுவும் நடக்காத மாதிரி சறுக்கி இறங்கி, நான்காம் சரணத்துக்குப் போய்விட்டாள்.

பாட்டு முடிந்தது. அக்கா இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டார்கள். அந்த இடம் மட்டும் மூன்றாம் தரம். ஜான்ரோஸ் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"சரிதான்" என்றார் லீலாபாய். "இதுக்குத்தான் பொறவு கூப்பிடல்ல."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஷைஜா எழுந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். மில் மோட்டாரின் பெல்ட் நழுவுகிறபோது வருகிற மாதிரி, விட்டு விட்டு ஒரு சிரிப்பு. அந்தக் "கொள்ளாம்" என்பதற்கு இவ்வளவு பெரிய அர்த்தமா, பாவம் மாஸ்டர், பூதப்பாண்டி வரை அதை எப்படி அடக்கிக்கொண்டு வந்தார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஜான்ரோஸுக்கு முப்பத்தாறு வருஷத்தில் கிடைத்த முதல் சந்தர்ப்பம். "அப்போ நான் நிப்பாட்டினது ஒருவகையில..."

"நீ நிப்பாட்டினது தப்பு. நான் பாடினதும் தப்பு. ரெண்டும் வேற வேற கேஸ். கேட்டியா?"

அப்போதுதான் ஜன்னலிலிருந்து கோலப்பன் தொண்டையைச் செருமினார். பாடியது இந்த மாவு மில்காரி என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

"என்கிட்ட அப்போ மொத்தம் ஆறு கேசட்டுதான், மத்ததெல்லாம் பொறவு வாங்கிச் சேத்தது. புதுப் பாட்டு வந்தா பழசை அழிச்சிட்டுத்தான் பிடிப்பேன். இது மேல எத்தனையோ தடவை கை போயிருக்கு. அந்த ஏத்தம் வாற எடத்தை ஒரு தடவை கேட்டுட்டு அழிக்கலாம்னு போடுவேன். கேட்டபொறவு கை வராது. வயல்ல தனியா நிக்கச்ச அங்கதான் நானும் ஏறுவேன். எறங்குன பாட்டா இருந்திருந்தா தொண்ணூறுலேயே போயிருக்கும்."

லீலாபாய் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு, அது வயல் பாட்டு இல்லை அண்ணாச்சி, எங்கள் அறுப்பின் பண்டிகைக் கீர்த்தனை என்று மட்டும் சொன்னார். அறுப்புதானே, அப்போ வயல் பாட்டுதான் என்பதுபோல் கோலப்பன் தலையை ஆட்டினார்.

முதல் வரி மட்டும் இல்லை. அது ஏதோ ஒரு முடிச்சில் கசங்கிப் போய்விட்டது. ஜான்ரோஸ் அந்தத் துண்டை ஆவியில் காட்டி நீவிப் பார்த்தார். கரகரப்புதான் வந்தது. அக்காவின் பழைய கேசட்டிலிருந்து அறிவிப்பை எடுத்து முன்னால் ஒட்டி, 'இதுவரை பாடியவர்' என்பதைப் பின்னால் ஒட்டி, எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. நடுவில் ஒரு வரி மட்டும் பொக்கை. தொழில்காரருக்கு அது பொறுக்கவில்லை. திங்கட்கிழமை காலை மில்லுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அந்த ஒரு வரியை இப்போது பாடிக் கொடு, நான் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

முதலில் மாட்டேன் என்றார் அக்கா. கோதுமையோடும் மல்லியோடும் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். நானும் இருந்தேன், அரைக் கிலோ வத்தலோடு. யாரும் பாடச் சொல்லவில்லை. ஆனால் யாரும் அரைக்கச் சொல்லி அவசரப்படுத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா மோட்டாரை அணைத்தார். முந்தானையால் முகத்தில் படிந்த மாவைத் துடைத்தார். தம்பி நீட்டிய போனையும், அதன் சிவப்புப் பொத்தான் மேல் தயாராக இருந்த கட்டைவிரலையும் பார்த்தார்.

"ஏலே. பாட்டு வந்தா நிப்பாட்டாதே."

ஜான்ரோஸ் பொத்தானைத் தொட்டுவிட்டு, போனை மல்லி மூட்டை மேல் சாய்த்து வைத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா பாடினார். ஒரே வரி. ஐம்பத்தைந்து வயதுக் குரல், அரைத்து அரைத்துக் கனத்த குரல், 'பொன்னாய்க் கதிர் விளைந்த காலை' என்று நிதானமாக எடுத்து, அந்த வரி இறங்குகிற இடத்தில் சரியாக இறங்கியது. கடைசி எழுத்து முடிவதற்கும், வத்தல் தூசி பொறுக்காமல் வரிசையில் ஒருவர் பெரிதாகத் தும்முவதற்கும் சரியாக இருந்தது. மறுபடி பாடச் சொன்னதற்கு அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டார்.

இப்போது அந்த ஃபைல் ஊரில் பலர் போனில் இருக்கிறது. கோலப்பனின் போனில் ஜான்ரோஸே ஏற்றிக் கொடுத்தார். அவர் மில் படியில் உட்கார்ந்து, போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். ஏற்றம் வந்தபோது மோவாயும் லேசாக ஏறியது. முழுக்க முடிந்த பிறகு கண்ணைத் திறந்தார். ஏதோ சரியில்லாதவர்போல் யோசித்தார்.

"எல்லாம் சரிதான்" என்றார். "அந்தத் தும்மல் முன்ன கெடையாதே."